ஏஆர்டி மைய வேலை: தூக்கம் போய்விட்டது, வழி சொல்லுங்கள்
நெல்லைப் பக்கம் ஒரு ஏஆர்டி (எச்ஐவி மருந்து சிகிச்சை) மையத்தில் ஆறு வருடமாக ஆலோசகராக இருக்கிறேன். அம்பாசமுத்திரத்தில் இருந்து தினமும் ரயிலில் போய் வருகிறேன். போன ஆனியில் இருந்து தூக்கம் இல்லை. விடிகாலை 3 மணிக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. மாத்திரையை நிறுத்திய ஒரு அக்கா இறந்த பிறகுதான் இது ஆரம்பம். டப்பா லேபிளை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டுபோவார். அந்த விரல்கள் கண்ணிலேயே நிற்கின்றன.

பத்து நாள் விடுப்பு எடுத்துப் பார்த்தேன். பிரஷர், தைராய்டு சரியாக இருக்கிறது. 14416 மனநல உதவி எண்ணில் பேசினேன், அன்று இரவு மட்டும் தூங்கினேன். வீட்டில் சொல்ல முடியாது. 2017 எச்ஐவி சட்டப்படி நோயாளிகள் விவரம் வெளியே போகக் கூடாது, அதுதான் நியாயமும்.

இதே வேலையில் இருப்பவர்களே, நோயாளியின் அடையாளம் தெரியாமல் மனபாரத்தை எங்கே, எப்படி இறக்கி வைக்கிறீர்கள்?