ஒன்பதாம் வகுப்பு ஸ்பானிஷ் 1: மகளை எப்படிப் படிக்க வைப்பது?

ஆஸ்டின் அம்மா:

வணக்கம். டெக்சாஸில் ஆஸ்டின் பக்கம் இருக்கிறோம். மகள் ஆகஸ்டில் ஒன்பதாம் வகுப்பு சேர்ந்தாள், ஸ்பானிஷ் 1 எடுத்திருக்கிறாள். இங்கே பள்ளிப் படிப்பை முடிக்க ஒரே அயல்மொழியில் 2 கிரெடிட் வேண்டும். அதனால் அடுத்த வருடமும் ஸ்பானிஷ்தான், நடுவில் விட முடியாது.

மற்ற பாடங்களில் நன்றாகவே படிக்கிறாள். இதில் மட்டும் முதல் மூன்று குவிஸில் 71, 64, 58. குவிஸுக்கு முந்தின இரவு பத்து மணி வரை உட்கார்ந்து 40 வார்த்தைகளையும் திரும்பத் திரும்ப வாசிக்கிறாள். தூங்கப் போகும்போது எல்லாம் தெரிகிறது, காலையில் பாதி போய்விடுகிறது.

டீச்சர் முதல் வாரத்திலிருந்தே ஸ்பானிஷில்தான் பேசுகிறாராம். "ஒண்ணும் புரியலம்மா, எல்லாரும் தலையாட்டுறாங்க, நானும் ஆட்டுறேன்" என்கிறாள். வீட்டில் ஸ்பானிஷ் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நாலைந்து பேர் வகுப்பில் இருப்பதால் இவள் வாயே திறப்பதில்லை. பேசுவதற்குத் தனி மதிப்பெண் உண்டு, அதுவும் போகிறது.

எனக்கும் கணவருக்கும் ஸ்பானிஷ் தெரியாது. டியூஷன் வைக்கலாமா? வீட்டில் நாங்கள் தமிழ்தான் பேசுகிறோம். மூன்று மொழி சேர்ந்து குழப்புகிறது, தமிழைக் கொஞ்சம் குறையுங்கள் என்று ஒரு தோழி சொன்னார். அது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

மதுரை டீச்சர்:

தமிழைக் குறைக்காதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம்.

நான் மதுரையில் பிறந்தவள். நியூ ஜெர்சியில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் 11 வருடமாக ஸ்பானிஷ் 1 எடுக்கிறேன். தமிழ் பேசும் பிள்ளைகள் என் வகுப்பில் திணறுவதைப் பார்க்கும்போது ஒன்று கவனித்திருக்கிறேன். அவர்கள் ஸ்பானிஷை ஆங்கிலத்தின் வழியாகப் பிடிக்கப் பார்க்கிறார்கள். தமிழ் வழியாகப் போனால் பல இடங்களில் பாதை கிட்டே இருக்கிறது.

"எனக்குச் சோறு பிடிக்கும்" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பானிஷில் "மே குஸ்தா எல் அர்ரோஸ்". "மே" என்பது "எனக்கு". ஆங்கிலத்தில் யோசிக்கிற பிள்ளை "நான்" என்று ஆரம்பித்து "யோ குஸ்தோ" என்று எழுதுகிறது. வருடா வருடம் இந்தத் தவறைத் திருத்துகிறேன். தமிழ்ப் பிள்ளையிடம் "எனக்குப் பிடிக்கும் என்று யோசி" என்றால் ஒரே நாளில் சரியாகிவிடுகிறது. (பிடித்தது பலவாக இருந்தால் "குஸ்தான்" என்று மாறும். அதை மட்டும் தனியாகப் படிக்க வேண்டும்.)

வினைச்சொல்லும் அப்படித்தான். "பேசுகிறேன்" என்றாலே "நான்" அதற்குள் இருக்கிறது இல்லையா? "ஆப்லோ" என்றால் பேசுகிறேன், "ஆப்லாஸ்" பேசுகிறாய், "ஆப்லாமோஸ்" பேசுகிறோம். ஏன், ஆய், ஓம் என்று நமக்கு விகுதி மாறுவதுபோல அங்கே ஓ, ஆஸ், ஆமோஸ். நீ, நீங்கள் வித்தியாசமும் உண்டு: "தூ", "உஸ்தெத்". ஆங்கிலம் மட்டும் தெரிந்த பிள்ளைக்கு இது புதிது. உங்கள் மகள் பாட்டியிடம் போனில் பேசும்போதே இதைச் செய்துகொண்டிருக்கிறாள்.

உச்சரிப்பில் இன்னும் லாபம். ஸ்பானிஷ் ப, த, க மூன்றிலும் ஆங்கிலத்தில் வருகிற ஊதல் காற்று கிடையாது, நம் எழுத்துகள்போலவே வரும். "ஒன்றுமில்லை" என்பதற்கு "நாதா" என்பார்கள். அந்தத் "தா" நாம் "அதை" என்று சொல்லும்போது வருகிற மென்மையான த. "மஞானா" என்ற சொல்லில் தலையில் நெளிகோடு போட்ட ஓர் எழுத்து வரும், அது நம் ஞ. "பெரோ" என்றால் ஆனால், "பெர்ரோ" என்றால் நாய். ரகரத்தை உருட்ட ஆங்கிலப் பிள்ளைகள் மாதக்கணக்கில் பயிற்சி எடுக்கும்.

தமிழ் கைவிடும் இடமும் உண்டு, அதையும் சொல்லிவிடுங்கள். "சேர்", "எஸ்தார்" என்று "இரு" என்பதற்கு இரண்டு வினை. எப்படி இருக்கிறாய், எங்கே இருக்கிறது என்று கேட்கும் இடத்தில் பெரும்பாலும் எஸ்தார். ஆனால் "அவள் உயரமாக இருக்கிறாள்" என்பதற்கு சேர்தான், அது அவளுடைய இயல்பு என்பதால். அப்புறம் பெயர்ச்சொல்லின் பால். நமக்கு மேசையும் புத்தகமும் அஃறிணை, அதோடு முடிந்தது. அங்கே "லா மேசா" பெண்பால், "எல் லிப்ரோ" ஆண்பால். ஓவில் முடிந்தால் ஆண், ஆவில் முடிந்தால் பெண் என்று மட்டும் நம்பினால் "எல் தியா" (நாள்), "லா மானோ" (கை) இரண்டிலும் மாட்டுவாள். அதனால் வார்த்தையைத் தனியாகப் படிக்கவே கூடாது. எல், லா சேர்த்துத்தான் அட்டையில் எழுத வேண்டும், சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

மேசா என்றதும் நம் மேசை ஞாபகம் வருகிறதா? அது போர்ச்சுகீசிய மொழியிலிருந்து நமக்கு வந்தது. போர்ச்சுகீசும் ஸ்பானிஷும் அக்கா தங்கைகள். அலமாரியும் அப்படியே, ஸ்பானிஷில் "அர்மாரியோ". மகளிடம் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும்.

சரி, படிக்கும் முறைக்கு வருகிறேன். முந்தின இரவு மூன்று மணி நேரம் வேண்டாம், தினம் 20 நிமிடம் போதும். 40 வார்த்தையை ஐந்து நாளுக்கு எட்டு எட்டாகப் பிரியுங்கள். ஒவ்வொரு நாளும் புது எட்டுக்கு முன்னால் பழையதைக் கேளுங்கள். பட்டியலைத் திரும்ப வாசித்தால் எல்லாம் தெரிந்ததுபோல இருக்கும், ஆனால் குவிஸில் பட்டியல் கண்முன்னால் இருக்காது. எனவே மூடி வைத்துவிட்டுச் சொல்ல வேண்டும், அதுவும் வாய்விட்டு, பிறகு எழுத வேண்டும். அட்டையின் ஒரு பக்கம் தமிழ் அல்லது படம், மறு பக்கம் ஸ்பானிஷ். நீங்கள் தமிழ்ப் பக்கத்தைக் காட்டிக் கேட்டால் போதும். உங்களுக்கு ஸ்பானிஷ் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. எழுத்தின் மேல் வரும் சாய்கோட்டையும் சரிபாருங்கள். "எல்" கோடு இல்லாமல் இருந்தால் பெயர்ச்சொல்லின் முன்னால் வருவது, கோடு இருந்தால் "அவன்".

டீச்சர் ஸ்பானிஷிலேயே பேசுவது வழக்கம்தான். வகுப்பு நேரத்தில் 90 சதவீதமோ அதற்கு மேலோ அந்த மொழியிலேயே நடக்க வேண்டும் என்பது ஆக்ட்ஃபில் என்ற அயல்மொழி ஆசிரியர் அமைப்பின் பரிந்துரை. புரியாதபோது தலையாட்டினால் புரிந்தது என்றுதான் நாங்கள் எடுத்துக்கொள்வோம். அவளுக்கு மூன்று வாக்கியம் கொடுத்து அனுப்புங்கள்: "நோ என்தியெந்தோ" (புரியவில்லை), "மாஸ் தெஸ்பாசியோ, போர் ஃபாவோர்" (கொஞ்சம் மெதுவாக), "கோமோ சே தீசே?" (எப்படிச் சொல்வது?). இதைக் கேட்கிற பிள்ளையை எனக்கு உடனே பிடித்துப்போகும், அதுவும் பேச்சுக் கணக்கில்தான் சேரும்.

எதிர்பார்ப்பையும் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். 180 பள்ளி நாள், நாளுக்கு 50 நிமிடம் என்றால் வருடம் முழுக்க 150 மணி நேரம். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு ஸ்பானிஷ் கற்றுக்கொடுக்க 600 முதல் 750 வகுப்பு மணி நேரம் ஒதுக்குகிறது. மே மாதம் அவள் தன்னையும் குடும்பத்தையும் பற்றிச் சொல்லி, நேரம் கேட்டு, சாப்பாடு ஆர்டர் பண்ணினால் அது நல்ல வருடம். டியூஷன் இப்போது வேண்டாம். ஆறு வாரம் இப்படிச் செய்துவிட்டுப் பாருங்கள்.

பதினோராம் வகுப்பு:

ஆன்ட்டி, நானும் டெக்சாஸ்தான். ஸ்பானிஷ் 1-இல் என் முதல் குவிஸ் 52. இப்போது ஏபி ஸ்பானிஷ் (கல்லூரி அளவிலான பாடம்) எடுத்திருக்கிறேன். வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிற பிள்ளைகளைப் பார்த்து நானும் பயந்தேன். என் பக்கத்து சீட் பையன் படபடவென்று பேசுவான், ஆனால் சாய்கோடு எங்கே போடுவது என்று அவனுக்குக் குழப்பம். நான் அதை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன், அவன் லஞ்ச் நேரத்தில் என்னோடு பேசினான். அவர்கள் பக்கத்திலேயே உட்காரச் சொல்லுங்கள்.

டிரான்ஸ்லேட் ஆப்பில் போட்டு ஹோம்வொர்க் எழுத வேண்டாம் என்றும் சொல்லுங்கள். செப்டம்பரில் யாருக்கும் தெரியாத கடந்தகால வடிவம் கட்டுரையில் வந்தால் டீச்சருக்கு உடனே தெரிந்துவிடும். என் வகுப்பில் இரண்டு பேருக்கு அதற்குப் பூஜ்யம் விழுந்தது.

ஆஸ்டின் அம்மா:

டீச்சர், ரொம்ப நன்றி. தம்பி, உனக்கும். தோழி சொன்னதை இனிமேல் யோசிக்கப் போவதில்லை.

நேற்று ராத்திரி அட்டை வெட்ட உட்கார்ந்தோம். "எனக்குப் பிடிக்கும்" விஷயத்தைச் சொன்னதும் நோட்டை எடுத்து ஆறு வாக்கியம் எழுதினாள், தோசையில் ஆரம்பித்து. மேசை போர்ச்சுகீசியச் சொல் என்பதை அவள் அப்பாவே நம்பவில்லை. இன்று காலை காரில் எட்டு வார்த்தை கேட்டேன், ஏழு சொன்னாள். ஒரு சந்தேகம். அர்மாரியோவுக்கு முன்னால் "எல்" வருமா, "லா" வருமா? அட்டையில் அதை எழுத விட்டுவிட்டோம்.

மதுரை டீச்சர்:

எல் அர்மாரியோ. அட்டையை இப்போதே திருத்திவிடுங்கள். நாளைக்குக் காரில் அதை முதலில் கேளுங்கள்.