மருந்துக்கு மசியாத கிருமிகள்: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர், சிங்கப்பூர்:

அன்புள்ள குழுவினருக்கு,

ஆன்டிமைக்ரோபியல் ரெசிஸ்டன்ஸை, அதாவது கிருமிகள் மருந்துக்குக் கட்டுப்படாமல் போகும் நிலையை, எதிர்கொள்ளச் சிங்கப்பூர் 2017 நவம்பரில் வெளியிட்ட தேசியச் செயல்திட்டத்தை, சமூக மன்றத்துக்கு வரும் மூத்தோருக்கான சிறு கையேடாக எழுதிவருகிறேன். வெள்ளிக்கிழமை அது அச்சுக்குப் போகவேண்டும். வரைவில் 'நுண்ணுயிர் எதிர்ப்பு' என்று எழுதியிருந்தேன். அதைப் படித்த பாட்டி ஒருவர், "எதிர்ப்புச் சக்தி கூடினால் நல்லதுதானே, அதை ஏன் அரசாங்கம் தடுக்கிறது?" என்று கேட்டார். பிழை என் சொல்லில்தான் இருக்கிறது. உடல் நோயை எதிர்ப்பதற்கும், மருந்து கிருமியை எதிர்ப்பதற்கும், கிருமி மருந்தை எதிர்ப்பதற்கும் நாம் ஒரே சொல்லைக் கொடுத்து வைத்திருக்கிறோம்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

ஐயா, அந்த அம்மையார் கேட்டது இலக்கணக் கேள்வி. 'புலிகொல் யானை' என்றால் கொன்றது புலியா, யானையா? தொல்காப்பியர் இத்தகையவற்றைத் தடுமாறு தொழிற்பெயர் என்றார். 'புலியைக் கொன்ற யானை' என்னும் இரண்டாம் வேற்றுமையும் 'புலியால் கொல்லப்பட்ட யானை' என்னும் மூன்றாம் வேற்றுமையும் அங்கே மயங்கும், பொருளை நோக்கியே தெளிய வேண்டும். 'நுண்ணுயிர் எதிர்ப்பு' அதே வகை. 'மருந்தெதிர்ப்பு' என்றாலும் தீராது. மருந்தே வேண்டாம் என்பவரின் கொள்கைபோல் அது ஒலிக்கும். 'மருந்துமுரண்' எனலாம். பழந்தமிழில் முரண் என்பது மாறுபாட்டையும் வலிமையையும் குறிக்கும். செய்யுளின் தொடை வகைகளில் ஒன்றுக்கும் அது பெயர். 'முரண்டு பிடித்தல்' இன்றும் வழக்கில் உள்ளது. கிருமி மாறுகிறது, வலுக்கிறது, முரண்டு பிடிக்கிறது. மூன்றும் அந்த ஒரு சொல்லில் அடங்குகின்றன.

மருந்தாளர்:

ஐயா, வேர் அழகானது. ஆனால் மருந்தகத்தில் 'முரண்' என்றால், இந்த நோயாளிக்கு இந்த மருந்து கூடாது என்றோ, இரண்டு மருந்துகள் ஒத்துப்போகவில்லை என்றோதான் கொள்வோம். சிலர் தனிமடலில் பரிந்துரைத்த 'தாங்குதிறன்' என்பதும் வேண்டாம். மருந்தின் நடுவே பெருகாமல் பிழைத்துக்கிடப்பது தாங்குதல், மருந்து இருக்கும்போதே பெருகுவதுதான் நாம் பேசும் நிலை.

சொல் நோயாளியோடு நின்றுவிடவும் கூடாது. இத்திட்டத்தைச் சுகாதாரம், உணவு–கால்நடை, சுற்றுப்புறம், தண்ணீர் ஆகியவற்றைக் கவனிக்கும் நான்கு அரசு அமைப்புகள் சேர்ந்து வகுத்தன. உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்யும் தீவு இது. வேறொரு நாட்டுப் பண்ணையில் கோழிக்குக் கொடுத்த மருந்தின் விளைவு இங்கே சமையலறைவரை வரக்கூடும். பாக்டீரியாவோடு பூஞ்சை, வைரஸ், ஒட்டுண்ணி எல்லாம் இதில் அடங்கும். 2019இல் மட்டும் மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாவால் உலகில் நேரடியாக 1.27 மில்லியன் பேர் இறந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது; அதைப் பாட்டிக்குப் புரியும்படி சொல்லியே ஆகவேண்டும். ஆகவே 'மருந்துக்கு மசியாமை' என்கிறேன். மசியாதது கிருமி என்பதில் ஐயமே எழாது.

தமிழாசிரியர்:

மசிதல் என்பது குழைதல். கீரையும் பருப்பும் மசியும். அதிலும் எதிர்மறைத் தொழிற்பெயரை வைத்து, 'மருந்துக்கு மசியாமையை எதிர்கொள்வதற்கான தேசியச் செயல்திட்டம்' என்று ஓர் அரசு ஆவணத்துக்குத் தலைப்பிட முடியுமா? 'கிருமி' வடசொல் என்பதையும் இங்கே பதிவுசெய்கிறேன்.

மருந்தாளர்:

வேகாத பருப்பு மசியாது என்பதை அறியாத வீடு இல்லை, ஐயா. பலதுறை மருந்தகத்துக்கு வருபவர் 'கிருமி' என்றால் உடனே தலையசைக்கிறார். 'நுண்ணுயிர்' என்றால் என் முகத்தைப் பார்க்கிறார்.

மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் நன்றி. கருத்துச் சொன்ன ஒன்பது பேரில் ஆறு பேர், பெரும்பாலும் தயக்கத்தோடு, தலைப்பில் 'மருந்தெதிர்ப்பு' இருக்கலாம் என்கிறார்கள். உள்ளே எல்லா இடத்திலும் 'மருந்துக்கு மசியாத கிருமிகள்' என்றே எழுதுகிறேன். கல்வி, கண்காணிப்பு, ஆய்வு, தொற்றுத் தடுப்பு, மருந்துகளைச் செம்மையாகப் பயன்படுத்துதல் என்ற ஐந்து உத்திகளின் பெயர்களில் மாற்றம் இல்லை. இன்று மாலை அச்சகத்துக்கு அனுப்புகிறேன்.

தமிழாசிரியர்:

அனுப்புங்கள், ஐயா, தடுக்க மாட்டேன். ஆனால் தலைப்பில் இருப்பது இன்னமும் புலிகொல் யானைதான். மறுபதிப்பு வரும்போது இந்த மடலை எடுத்துப் பாருங்கள்.