ஆய்வேட்டில் சேர்த்த கட்டுரையைச் சோத்கங்காவில் ஏற்றலாமா?

கோவையில் பிஎச்டி முடிக்கிறேன். வெளியாகி 5 மாதமே ஆன என் கட்டுரைதான் ஆய்வேட்டின் மூன்றாம் இயல். ஆய்வேடு அடுத்த மாதம் சோத்கங்காவில் (இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளை யாரும் படிக்கும்படி இணையத்தில் வைக்கும் களஞ்சியம்) ஏறவேண்டும்.

காப்புரிமையைப் பதிப்பகத்துக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. பதிப்பகங்களின் பகிர்வு விதிகளைக் காட்டும் ஓப்பன் பாலிசி ஃபைண்டர் தளத்தில் (பழைய ஷெர்பா ரோமியோதான்) பார்த்தேன்: அச்சான பிடிஎஃப் கூடாது, மதிப்பாய்வுக்குப் பின் ஏற்கப்பட்ட பிரதியை, பக்க வடிவமைப்புக்கு முந்தைய அந்த வேர்ட் கோப்பை, 12 மாதம் கழித்துக் களஞ்சியத்தில் போடலாம். நான் சேர்த்திருப்பதும் அந்தக் கோப்புதான். கையெழுத்திட்ட ஒப்பந்தத்திலோ 'ஆய்வேட்டில் சேர்த்துக்கொள்ளலாம்' என்று ஒரே வரி. இணையத்தில் வைப்பது பற்றிப் பேச்சே இல்லை. பதிப்பகத்துக்கு இரண்டு மின்னஞ்சல் அனுப்பினேன், தானியங்கிப் பதில்தான் வந்தது. நூலகர் ஏற்றலாம் என்கிறார், நெறியாளர் வேண்டாம் என்கிறார். ஆறு வருட உழைப்பு, பயமாக இருக்கிறது.

அந்த ஒரு வரி அனுமதி சோத்கங்காவுக்கும் செல்லுமா, இல்லை 12 மாதம் காத்திருக்கத்தான் வேண்டுமா?