லண்டனிலிருந்து ஷெஃபீல்டு: பேச்சும் சாப்பாடும் பிடிபடவில்லை, விளக்குங்களேன்

ஹாரோ_செல்வி கேட்டது:

ஹாரோவிலிருந்து ஷெஃபீல்டுக்குக் குடிவந்திருக்கிறோம். இரண்டும் இங்கிலாந்துதான், ஆனாலும் அக்கம்பக்கத்துப் பேச்சில் பாதி புரிவதில்லை.

மகளின் சிநேகிதி வீட்டில் "வியாழக்கிழமை டீக்கு அனுப்புங்கள்" என்கிறார்கள். சாப்பிட வைத்து அனுப்புவதா, பசியோடு அனுப்புவதா? பள்ளியில் மதியச் சாப்பாட்டுக்கு "டின்னர் மணி" (சாப்பாட்டுக் காசு) கேட்கிறார்கள். வேலையிடத்தில் ஷிப்ட் "நைன் வைல் ஃபைவ்" என்கிறார்கள். எதிர்வீட்டுப் பாட்டி மகளைப் பார்த்து "ஸ்பைஸ் வேணுமா" என்று கேட்கிறார். சிப்ஸ் கடையில் ஃபிஷ்கேக் வாங்கினால் லண்டனில் பார்த்த பண்டமே இல்லை.

நாங்கள் மாட்டிறைச்சி தொடுவதில்லை. மாமியார் சுத்த சைவம். அவருக்கு வெறும் சிப்ஸ் மட்டும் வாங்கினால் பிரச்சினை இல்லைதானே? நவம்பரில் இங்கே என்ன விசேஷம் என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

கிழங்குப்பொரியல்:

மாமியார் விஷயம்தான் முதலில். வெறும் சிப்ஸ் என்றாலும் கேட்காமல் வாங்காதீர்கள். ஷெஃபீல்டு இருக்கும் யார்க்ஷயரில் ஏராளமான சிப்ஸ் கடைகள் பீஃப் டிரிப்பிங், அதாவது உருக்கிய மாட்டுக்கொழுப்பில் பொரிக்கின்றன. லண்டனில் பெரும்பாலும் தாவர எண்ணெய் என்பதால் அங்கே இந்தக் கேள்வி எழுந்திருக்காது. சில கடைகள் கண்ணாடியிலேயே பெருமையாக எழுதிவைத்திருக்கும், பல கடைகளில் ஒன்றும் இருக்காது.

அலர்ஜி அட்டையில் தேடியும் பயனில்லை. பிரிட்டனில் கடைக்காரர் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய ஒவ்வாமைப் பொருட்கள் 14. மீன், முட்டை, பால், கடுகு, செலரி எல்லாம் அதில் உண்டு. மாட்டுக்கொழுப்பு இல்லை. எனவே வாய்விட்டுத்தான் கேட்க வேண்டும். "இஸ் இட் வெஜிடேரியன்?" என்று கேட்காதீர்கள். கிழங்குதானே என்று நினைத்து கவுண்டரில் நிற்கும் பையன் ஆமாம் என்றுவிடுவான். "வாட் டூ யூ ஃப்ரை இன்?" என்று கேளுங்கள். எண்ணெய் என்றால், மீனும் அதே சட்டியில்தானா என்பது அடுத்த கேள்வி. குளூட்டன் (கோதுமைப் புரதம்) இல்லாத நாள் என்று பலகை வைத்திருந்தால் சைவம் என்று புரிந்துகொள்ள வேண்டாம். மாறுவது மேல்மாவுதான், கொழுப்பு மாற வேண்டிய அவசியமில்லை. சூப்பர்மார்க்கெட்டில் வாங்கும் உறைந்த சிப்ஸில் சேர்மானப் பட்டியலைப் படித்தால் போதும், அதில் எழுதியே ஆக வேண்டும்.

ஃபிஷ்கேக்: தெற்கில் மசித்த கிழங்கோடு மீனைக் கலந்து ரொட்டித்தூளில் புரட்டியது. இங்கே கனமான இரண்டு கிழங்கு வில்லைகளுக்கு நடுவே மீன் துண்டை வைத்து, மாவில் தோய்த்துப் பொரிப்பார்கள். மீன் இல்லாமல் ஒரே வில்லையைத் தோய்த்துப் பொரித்தால் அது ஸ்கேலப். கடல் சிப்பி என்று நினைத்துவிடாதீர்கள். மாவிலிருந்து சட்டியில் உதிரும் மொறுமொறுப்பான துகள்களுக்கு ஸ்கிராப்ஸ் என்று பெயர், கேட்டால் பல கடைகளில் சும்மாவே போடுவார்கள். மீன் என்று மட்டும் சொன்னால் யார்க்ஷயரில் ஹேடக் வரும். காட் வேண்டுமானால் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

மேசையில் ஆரஞ்சு லேபிளோடு நிற்கும் புட்டி ஹெண்டர்சன்ஸ் ரெலிஷ், ஷெஃபீல்டிலேயே 1885இல் பிறந்தது. பார்வைக்கு வூஸ்டர் சாஸ் போலிருக்கும், ஆனால் அதில் உள்ள நெத்திலி இதில் இல்லை. புளி, கிராம்பு, வினிகர், பூண்டு எண்ணெய் சேர்ந்தது. சைவர்கள் தாராளமாக ஊற்றிக்கொள்ளலாம்.

பை (pie, உள்ளே பூரணம் வைத்து மாவு மேலோட்டோடு சுட்டது) வகைகளில் மட்டும் எச்சரிக்கை. இறைச்சிப் பையின் மேலோட்டில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது பழைய வழக்கம். "பை அண்ட் பீ சப்பர்" என்று பள்ளியிலோ சர்ச்சிலோ நிதி திரட்டுவார்கள். சீட்டு வாங்கும்போதே சைவப் பை கேட்டு எழுதிவையுங்கள், அன்றைக்குப் போய்க் கேட்டால் பட்டாணி மட்டும்தான் மிஞ்சும்.

பெனைன்_காற்று:

செல்வி அக்கா, சொற்களுக்கு நான் வாறன்.

இங்க டின்னர் எண்டால் மத்தியானச் சாப்பாடு, டீ எண்டால் பின்னேரச் சாப்பாடு. பிள்ளையைப் பசியோட அனுப்புங்கோ. அஞ்சு, அஞ்சரைக்கு வயிறு நிறையக் குடுத்துத்தான் விடுவினம். மாடு சாப்பிடாத பிள்ளை எண்டு முதல் நாளே தாய்க்குச் சொல்லிவிடுங்கோ. தேத்தண்ணி குடிக்கிறியளோ எண்டு கேக்கிற இடத்தில "ஷல் ஐ மேஷ்?" எண்டுவினம். கிழங்கு மசிக்கிற கதையில்லை, தேத்தண்ணி ஊற விடட்டோ எண்டு அர்த்தம்.

"வைல்" எண்டால் இங்க "வரைக்கும்". ஒன்பது வைல் அஞ்சு, ஒன்பதிலயிருந்து அஞ்சு வரைக்கும். "ஐ'ம் ஆஃப் வைல் மண்டே" எண்டு ஒரு ஆள் சொன்னால் திங்கள் வரைக்கும் லீவு, திங்கள் வேலைக்கு வருவார். ஷிப்ட் மாத்தேக்க இது பிழைச்சால் ஒரு நாளே பிழைச்சுப் போகும். நேரத்தைத் திருப்பிச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கோ.

ஸ்பைஸ் எண்டு பாட்டி கேட்டது இனிப்பு. தெற்கு யார்க்ஷயரில பழைய ஆக்கள் மிட்டாய்க்குச் சொல்லுற சொல். அதே பேரில இப்ப ஒரு போதைப்பொருளும் இருக்கிறதால இளம் ஆக்கள் சொல்லுறது குறைவு. மகள் பள்ளிக்கூடத்தில இதைச் சொல்லப் போனால் வேற மாதிரி விளங்கிக்கொள்ளுவினம். இன்னொண்டு, ஜெல்லி மிட்டாயில ஜெலட்டின் இருக்கும், அது அனேகமாய்ப் பன்றி, இல்லாட்டி மாடு.

பணிஸ் (பன்) வாங்கேக்க ஷெஃபீல்டில "பிரெட்கேக்" எண்டு கேளுங்கோ. மான்செஸ்டர் பக்கம் அது பார்ம், நொட்டிங்ஹமில கொப், நியூகாசிலில தட்டையாய்ப் பெரிசாய் ஸ்டொட்டி. டீகேக் எண்டு கேட்டால் இங்க முந்திரிகை வத்தல் (உலர்ந்த திராட்சை) போட்டது வரும். அதே சொல்லுக்கு ஹடர்ஸ்ஃபீல்ட், பிராட்ஃபோர்ட் பக்கம் வெறும் பணிஸைத் தருவினம்.

வழி கேட்டால் "ஜெனல்" எண்டு வரும். ரெண்டு மதிலுக்கு நடுவில போற ஒடுங்கின நடைபாதை. மேப்பில பேர் இராது, ஆனால் மேட்டு வீதிகளில பெரிய சுத்தை மிச்சப்படுத்தும்.

பஸ் ஓட்டுற ஆம்பிளை இன்னொரு ஆம்பிளையை "லவ்" எண்டு கூப்பிடுறது சாதாரண மரியாதை. டார்பிஷயர்ப் பக்கத்தில "டக்". "நவ் தென்" எண்டால் வணக்கம், அதட்டல் இல்லை. திருப்பி அதையே சொன்னால் போதும். பழைய ஆக்கள் "தீ", "தா" எண்டு கதைக்கிறது எங்கட "நீ" மாதிரி உரிமைச் சொல். கேட்டு விளங்கிக்கொள்ளுங்கோ, ஆனால் தெரியாத ஆக்களிட்டத் திருப்பிச் சொல்லாதேங்கோ. "நெஷ்" எண்டு சொன்னால் குளிர் தாங்காத ஆள், "மார்டி" எண்டால் மூஞ்சையைத் தூக்கி வைச்சிருக்கிற ஆள்.

ஹாரோ_செல்வி:

அப்பாடா, வியாழக்கிழமை விஷயம் தெளிவாயிற்று. மிக்க நன்றி இருவருக்கும். பள்ளியில் நவம்பர் 5க்கு "பார்க்கின்" செய்து கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். அதோடு, இங்கே வந்ததிலிருந்து டீ ஒரேயடியாகக் கறுத்துக் கடுப்பாகிறது. அதே தூள், அதே அளவுதான்.

மூர்_தண்ணீர்:

டீக்குக் காரணம் தண்ணீர். லண்டன் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், ஷெஃபீல்டுக்கு பீக் டிஸ்ட்ரிக்ட் பக்க நீர்த்தேக்கங்களிலிருந்து வருவது மென்னீர். சாயம் சீக்கிரம் இறங்கும். தூளைக் கால் பங்கு குறையுங்கள், அல்லது ஒரு நிமிடம் முன்னதாக வடிகட்டுங்கள். யார்க்ஷயர் டீயில் கடினநீருக்கென்றே ஒரு வகை விற்கிறார்கள், இங்கே அதை வாங்க வேண்டாம். துணி சோப்புத்தூள் பெட்டியில் மென்னீருக்குத் தனி அளவு போட்டிருக்கும், அதைப் பின்பற்றுங்கள். பழைய அளவையே போட்டால் நுரை போகாமல் துணி பிசுபிசுக்கும். கெட்டிலில் வெள்ளைப் படிவும் வராது.

பருப்பும் முன்பைவிடச் சீக்கிரம் வேகும். கல்சியம் சேர்ந்தால் பருப்பின் தோல் இறுகும், அது இங்கே குறைவு. மஷி பீஸ், அதாவது குழைய வேகவைத்த பட்டாணி, வீட்டில் செய்தால் இதை நினைவில் வையுங்கள். காய்ந்த மாரோஃபேட் பட்டாணி 250 கிராம், கொதிநீர் ஒரு லிட்டர், ஆப்பசோடா ஒரு தேக்கரண்டி, 12 மணி நேரம் ஊறல். ஊறிய நீரைக் கொட்டி நன்றாக அலசி, புதுத் தண்ணீர் இரண்டு விரற்கடை மேலே நிற்கும்படி ஊற்றி 30 நிமிடம் சிறுதீயில் வையுங்கள். உப்பு கடைசியில். சோடா கூடினால் சவர்க்கார வாடை வரும். எவ்வளவு வேகவைத்தாலும் நடுவில் கல் போலிருந்தால் பட்டாணி பழசு.

இனி பார்க்கின், அதாவது சுக்கும் ஓட்மீலும் பாகும் சேர்ந்த கேக். இதை 5ஆம் தேதி காலையில் செய்யாதீர்கள், அந்த ஒரு தவறில்தான் பலருடையது கெடுகிறது. அடுப்பிலிருந்து வந்த அன்று வறண்டு உதிரும். டப்பாவில் மூடி நான்கைந்து நாள் வைத்தால்தான் பாகு இறங்கிப் பிசுபிசுப்பு வரும். அக்டோபர் 31 சரியான நாள்.

20 சென்டிமீட்டர் சதுரத் தட்டுக்கு: மைதா 200 கிராம், மீடியம் ஓட்மீல் 200, வெண்ணெய் 125, கறுப்பு ட்ரீக்கிள் 150, கோல்டன் சிரப் 100, பழுப்புச் சர்க்கரை 100, சுக்குத்தூள் 3 தேக்கரண்டி, ஆப்பசோடா ஒரு தேக்கரண்டி, முட்டை ஒன்று, பால் 100 மில்லி. வெண்ணெய், பாகுகள், சர்க்கரையை உருகும் வரை மட்டும் சூடாக்குங்கள். கொதித்துவிட்டால் பிறகு மிட்டாய் போல இறுகும். ஆறியபின் மற்றவற்றைச் சேர்த்து 160 டிகிரியில், விசிறி அடுப்பானால் 140இல், 50 முதல் 60 நிமிடம். முதல் 40 நிமிடம் கதவைத் திறந்தால் நடு அமுங்கும். ஓட்மீல் என்பது நொய்யாக உடைத்தது. கஞ்சிக்கு வாங்கும் தட்டை ஓட்ஸ் போட்டால் சேராமல் உதிர்ந்துவிடும். அதுதான் கையில் இருந்தால் மிக்ஸியில் இரண்டு சுற்று சுற்றுங்கள். மாமியாருக்கு முட்டையில்லாமல் செய்ய, பாலை 150 மில்லியாக்கி ஒரு மேசைக்கரண்டி வினிகர் விடுங்கள்.

நவம்பர் 4 இரவு யார்க்ஷயரில் மிஸ்சீஃப் நைட், பிள்ளைகள் குறும்பு செய்யும் இரவு. கதவைத் தட்டிவிட்டு ஓடுவார்கள், கைப்பிடியில் பாகு தடவுவார்கள். பூந்தொட்டியையும் குப்பைத்தொட்டியையும் உள்ளே எடுத்துவையுங்கள். மறுநாள் 5ஆம் தேதி பான்ஃபயர் நைட். சொக்கப்பனை போல நெருப்பு மூட்டி, பார்க்கின், மஷி பீஸ், கடித்தால் பல்லில் ஒட்டும் பான்ஃபயர் டாஃபி எல்லாம் சாப்பிடுவார்கள். அன்று நள்ளிரவு வரை பட்டாசு வெடிக்கலாம். மற்ற பெரும்பாலான நாட்களில் இரவு 11 மணி வரை. தீபாவளி இரவுக்கு அதிகாலை 1 மணி வரை சட்டத்திலேயே அனுமதி உண்டு. வழக்கமான பட்டாசு விற்பனை அக்டோபர் 15 முதல் நவம்பர் 10 வரை. தீபாவளி அதற்கு வெளியே விழுந்தால் அந்த நாளுக்கும் அதற்கு முந்தைய மூன்று நாட்களுக்கும் கடைகள் விற்கலாம்.