மெர்ச்சன்டைசர் வேலை: மதுரையிலிருந்து சென்னைக்குப் போகலாமா?

எல்லோருக்கும் வணக்கம். மதுரையில் 4 வருடமாக ஏஜென்சி மூலம் மெர்ச்சன்டைசராக இருக்கிறேன். தினமும் ஆறேழு சூப்பர் மார்க்கெட். ரேக்கில் சரக்கு அடுக்குவது, தேதி முடியப்போவதை முன்வரிசைக்குக் கொண்டுவருவது, போட்டோ எடுத்து ஆப்பில் ஏற்றுவது எல்லாம் என் வேலை.

சேரும்போது கைக்கு 11,000 வந்தது. இப்போது 14,200. ஏப்ரல் மாதம் குறைந்தபட்சக் கூலியில் அகவிலைப்படி மாறும்போது கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான். அனுபவத்துக்கென்று தனியாக எதுவும் ஏறவில்லை. போன மாதம் புதிதாகச் சேர்ந்த தம்பிக்கும் எனக்கும் 900 ரூபாய்தான் வித்தியாசம். அவன் மேல் கோபம் இல்லை, ஆனால் மனசு கஷ்டமாக இருக்கிறது.

இப்போது சென்னை வேளச்சேரியில் 19,000 தருவதாகச் சொல்கிறார்கள். விசாரித்தால், அது சிடிசி, அதாவது கம்பெனி எனக்காகச் செலவழிக்கும் மொத்தத் தொகை. என் பங்கு பிஎஃப் 12 சதவீதம், இஎஸ்ஐ 0.75 சதவீதம் போக, கம்பெனி கட்டும் பங்கும் இந்த 19,000-க்குள்ளேயே வருகிறது. கைக்கு 15,000 தேறுமா என்றே சந்தேகம். அப்புறம் வாடகை வேறு.

சென்னையில் இதே வேலையில் இருக்கும் அண்ணன்கள், அக்காக்கள் சொல்லுங்கள்: 4 வருட அனுபவத்துக்குக் கைக்கு எவ்வளவு வருகிறது? பெட்ரோல் படி தனியா, சம்பளத்துக்குள்ளேயா? கோவை, திருச்சி நிலவரம் தெரிந்தவர்களும் சொல்லலாம். சூப்பர்வைசர் ஆக எத்தனை வருடம் ஆனது என்பதையும் எழுதுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் நான் பதில் சொல்ல வேண்டும்.