வீட்டில் பிலிம் சுருள்களை ஸ்கேன் செய்ய எந்தக் கருவி ஏற்றது?

கேள்வி:
அப்பா எடுத்த 35 மி.மீ. சுருள்கள் ஏறத்தாழ 50 என்னிடம் இருக்கின்றன. பெரும்பாலானவை ஆறு ஆறு படங்களாக வெட்டப்பட்ட வண்ண நெகட்டிவ்கள். 8 சுருள்கள் கறுப்பு வெள்ளை. 120 எனப்படும் அகலமான பிலிமில் 6×6 செ.மீ. படங்கள் கொண்ட சுருள்களும் மூன்று உள்ளன. எப்சன் வி600 ஸ்கேனருக்கு 6400 டிபிஐ (ஓர் அங்குலத்தில் எடுக்கும் புள்ளிகள்) என்றும், பிளஸ்டெக் 8200ஐ (8200i) ஸ்கேனருக்கு 7200 டிபிஐ என்றும் போட்டிருக்கிறார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதானா?

பதில் 1:
இல்லை. பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள். கண்ணாடித் தட்டின் மேல் வைத்து ஸ்கேன் செய்யும் வி600 போன்ற தட்டை ஸ்கேனர் உண்மையில் பிரித்துக் காட்டும் நுணுக்கம் 1600 டிபிஐ அளவில்தான் நிற்கிறது. 24×36 மி.மீ. படத்துக்கு அது சுமார் 34 லட்சம் பிக்சல். 5×7 அங்குல அச்சுக்குப் போதும், அதற்கு மேல் பெரிதாக்கினால் மழுங்கும். பிலிமுக்கென்றே செய்யப்பட்ட 8200ஐ ஸ்கேனரோ 3000 டிபிஐயைத் தாண்டுகிறது. அதிலும் 3600இல் வைத்தாலே போதும். 7200இல் ஒரு படத்தின் 16 பிட் டிஃப் (TIFF, தரம் குறையாமல் சேமிக்கும் வகை) கோப்பு ஒன்றே 400 எம்பியைக் கடந்துவிடும், கூடுதல் விவரமோ மிகக் குறைவு. ஆனால் 8200ஐயில் 120 பிலிம் நுழையாது.

பதில் 2:
தூசியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. என் அனுபவத்தில் நேரத்தை விழுங்குவது அதுதான். இரண்டு கருவிகளிலும் அகச்சிவப்புக் கதிரால் தூசியையும் கீறலையும் கண்டறிந்து நீக்கும் வசதி உண்டு. வண்ண பிலிமின் சாயங்கள் அந்தக் கதிரை ஊடுருவ விடுவதால் தூசி மட்டும் தனியே தெரிகிறது. கறுப்பு வெள்ளை பிலிமில் படமே வெள்ளித் துகள்களால் ஆனது; அவை கதிரைத் தடுப்பதால், கருவி படத்தையே அழுக்கு என்று எண்ணிச் சிதைத்துவிடும். ஆகவே அந்த 8 சுருள்களுக்கு அவ்வசதியை அணைத்துவிட்டு, காற்றூதியாலும் மென்தூரிகையாலும் துடைத்த பிறகே ஸ்கேன் செய்யுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால் 120 சுருள்களுக்காகவே தட்டை ஸ்கேனரும் வாங்க வேண்டுமா?

பதில் 1:
மூன்று சுருள்களுக்காக இன்னொரு கருவி தேவையில்லை. தெரிந்தவரிடம் தட்டை ஸ்கேனர் இருந்தால் கேட்டு வாங்குங்கள். 6×6 படம் பெரியது என்பதால் அதே 1600 டிபிஐயிலும் 1.2 கோடி பிக்சல் கிடைக்கும்.

பதில் 3:
வாங்குவதற்கு முன் நேரத்தையும் கணக்கிட்டுப் பாருங்கள். 50 சுருளுக்கு 36 வீதம் 1800 படங்கள். 8200ஐயில் ஒவ்வொரு படத்தையும் கையால் நகர்த்த வேண்டும் என்பதால், படத்துக்கு 4 நிமிடம் என்றாலும் 120 மணி நேரம் ஆகும். மிக அருகிலிருந்து படமெடுக்கும் மேக்ரோ லென்ஸும் நல்ல கேமராவும் ஏற்கெனவே இருந்தால், அடியிலிருந்து ஒளிரும் ஒளிப்பலகை மேல் நெகட்டிவை வைத்துப் படம்பிடிப்பது இதைவிடப் பன்மடங்கு வேகமானது. வண்ண நெகட்டிவின் ஆரஞ்சு நிறச் சாயலை நீக்கி நிறத்தைச் சரிசெய்வது மட்டும் நம் பொறுப்பாகிவிடும். அதற்குப் பொறுமை வேண்டும். கேமரா இல்லையென்றால் 8200ஐயையே வாங்குங்கள். முதலில் எல்லாச் சுருள்களையும் ஒளிப்பலகையில் பார்த்து, முகங்கள் தெளிவாக உள்ள படங்களை மட்டும் குறித்துக்கொண்டு தொடங்குங்கள்.