எட்டு வயதில் ஃபேஸ் மாஸ்க்: உங்கள் வீட்டில் எப்படிப் போனது?

திருச்சி அம்மா

பெரியவனுக்கு எத்துப்பல். சின்னவளுக்கு நேர்மாறு: வாயை மூடினால் கீழ்வரிசைப் பல் மேல்வரிசைக்கு முன்னால் வந்து நிற்கும். அவள் அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் அதே தாடை. "எங்க வம்சத்து முகம், பல்லு விழுந்து முளைச்சா சரியாப் போயிடும்" என்று மாமியார் சொல்ல, நானும் விட்டுவிட்டேன். பால்பல் விழுந்து முளைத்த பிறகும் கீழ்ப்பல்தான் முன்னால்.

பெரியவனைக் காட்டத்தான் டாக்டரிடம் போனோம். "இவனுக்கு 12 வயசு ஆகட்டும், கிளிப் போட்டுக்கலாம்" என்று சொல்லிவிட்டு, கூட வந்தவளை நாற்காலியில் உட்காரவைத்தார். கோளாறு பல்லில் இல்லை, மேல்தாடை எலும்பு பின்தங்கி இருக்கிறது, 10 வயதுக்குள் இழுத்தால் எலும்பு நன்றாக இணங்கும் என்றார். மாஸ்க் என்றதும் எனக்குக் கொரோனா மாஸ்க்தான் ஞாபகம் வந்தது. கையில் கொடுத்ததைப் பார்த்தால் நெற்றிக்கு ஒரு மெத்தை, முகவாய்க்கு ஒன்று, இரண்டையும் இணைத்து மூக்குக்கு நேரே ஒரு கம்பி. அதிலிருந்து வாய்க்குள் இருக்கும் கொக்கிகளுக்கு இரண்டு பக்கமும் ரப்பர் பேண்ட்.

அதற்கு முன்னால் மேலண்ணத்தில் ஒரு திருகு ஒட்டினார்கள். சின்னச் சாவியால் ஒரு திருப்பு திருப்பினால் கால் மில்லிமீட்டர் விரியும். திருப்ப வேண்டியது நான். முதல் ராத்திரி கை நடுங்கியது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு "சீக்கிரம்மா" என்றாள். ஒரு வாரத்தில் முன்பற்களுக்கு நடுவே ஓட்டை விழுந்துவிட்டது! பதறிப்போய் போன் போட்டேன். எலும்பு விரிகிறது, அதுதான் அடையாளம், தானாக மூடிக்கொள்ளும் என்றார். மூடிக்கொண்டது.

வலி இரண்டு நாள்தான். மணிக்கணக்குதான் பெரிய பாடு. தினம் 14 மணி நேரம் என்றால், சாயங்காலம் 6-க்கு மாட்டி காலை 8-க்குக் கழற்ற வேண்டும். ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கழற்றும் அரை மணிகூடக் கணக்கில் குறையும். ஏப்ரல் வெயிலில் முகவாயெல்லாம் வேர்க்குரு. டாக்டரைக் கேட்டுக்கொண்டு மெத்தைக்கு அடியில் பழைய பருத்திக் கைக்குட்டை வைத்தோம். காலண்டர் தாளைக் கிழிக்குமுன் அவளே மணியை எழுதுவாள். 12 என்று எழுத வேண்டிய நாளில் முகம் தொங்கிப்போகும். அன்றைக்கு நான் வாயைத் திறக்கக் கூடாது என்பதை இரண்டு சண்டைக்கு அப்புறம் கற்றுக்கொண்டேன்.

ஒன்பது மாதத்தில் மேல்பல் முன்னால் வந்துவிட்டது. ஆனாலும் வளரும் வயதில் கீழ்த்தாடை மறுபடி முந்தலாமாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்க் காட்டுகிறோம்.

கோவை அப்பா

என் மகனுக்கும் இதேதான். ஒரு கிளினிக்கில் "பால்பல் எல்லாம் விழட்டும்" என்றார்கள், நம்பினேன். 13 வயதில் வேறு டாக்டரிடம் போனபோது, இனி மாஸ்க்கால் பெரிதாக ஆகாது, வளர்ச்சி முடிந்தபின் தேவைப்பட்டால் தாடை ஆபரேஷன் என்கிறார். நீங்கள் ஐந்து வருஷம் முந்திக்கொண்டீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

பழைய கிளிப்காரன்

எனக்கு எத்துப்பல். 1996-ல் ஹெட்கியர் போட்டார்கள். கடைவாய்ப்பல் வளையத்தில் செருகி, கன்னத்தைச் சுற்றி வளைந்து வரும் கம்பி. அதைப் பின்னாலிருந்து இழுக்க, கழுத்தில் எலாஸ்டிக் பட்டை. ராத்திரி மட்டும் போடச் சொன்னதை, லீவில் சித்தப்பா பையனிடம் பந்தா காட்டப் பகலில் மாட்டினேன். அவன் கம்பியைப் பிடித்து இழுத்துவிட்டு விட்டான். திரும்பி வந்த வேகத்தில் உதடு கிழிந்தது. கண்ணில் பட்டிருந்தால்? பிள்ளைகளுக்குப் போடுகிறவர்கள் இதை மட்டும் பழக்குங்கள்: முதலில் கழுத்துப் பட்டையைக் கழற்று, அப்புறம் கம்பியை எடு. மாட்டிக்கொண்டு விளையாடவே கூடாது.

பல் மருத்துவ மாணவி

இப்போது வரும் பட்டைகளில் வேகமாக இழுத்தால் தானாக விடுபடும் கொக்கி இருக்கிறது அண்ணா. வாங்கும்போது அதைக் கேட்டு வாங்க வேண்டும். திருச்சி அக்கா, உங்கள் பெரியவனைக் காத்திருக்கச் சொன்னதில் தப்பில்லை. எத்துப்பல்லுக்குச் சின்ன வயதிலேயே ஆரம்பித்து இரண்டு கட்டமாகச் செய்தாலும், பதின்ம வயதில் ஒரே கட்டமாகச் செய்தாலும் கடைசியில் பல் நிற்கும் நிலை ஏறக்குறைய ஒன்றுதான் என்று 2018-ன் காக்ரேன் தொகுப்பாய்வு (பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அலசியது) சொல்கிறது. ஒரு விஷயத்தில்தான் முந்துவதில் லாபம்: விழுந்து, அடிபட்டு முன்பல் உடைவது குறைகிறது. தம்பி ரொம்ப ஆடுகிற பையனா?

திருச்சி அம்மா

அதை ஏன் கேட்கிறாய்மா. தெரு டீமில் அவன்தான் விக்கெட் கீப்பர். அடுத்த தடவை சின்னவளைக் கூட்டிப் போகும்போது அவனையும் இழுத்துக்கொண்டு போகிறேன்.